சினாடு கூட்டத்துக்குப் பிரதிநிதியாகப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்திலிருந்து தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) சினாடு கூட்டத்துக்கு முதன்முறையாகப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையாருக்காக, அதாவது ஆயர் அல்லாத அங்கத்தினருக்காக, இதை எழுதுகிறேன். திருமண்டலம் என்பது ஒரு பேராயரின் (பிஷப்பின்) பொறுப்பில் உள்ள பகுதி. சினாடு என்பது எல்லாத் திருமண்டலங்களுக்கும் பொதுவான, திருச்சபையின் மிக உயர்ந்த மன்றம். ஆயர்களுக்கு இந்த நடைமுறைகள் ஓரளவு பழக்கமானவை. மேலூரிலிருந்தோ மானாமதுரையிலிருந்தோ அருப்புக்கோட்டையிலிருந்தோ புறப்படும் ஓர் ஆசிரியருக்கும் வங்கி ஊழியருக்கும் விவசாயிக்கும் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். அனுப்பிய தாள்களை ரயிலில் ஏறிய பிறகு பிரிக்கிறார்கள். அரங்கில் உட்கார்ந்திருக்கும் சில நாள்களைவிட, அழைப்பு வந்ததிலிருந்து புறப்படும்வரை உள்ள வாரங்களில்தான் உங்கள் வேலையின் பெரும்பகுதி முடிய வேண்டும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. எந்த மன்றம் எதை முடிவு செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சேகரக் கமிட்டி, திருமண்டலக் கவுன்சில், சினாடு என்று மூன்று படிகள் இருக்கின்றன. சேகரம் என்பது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு. உங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது திருமண்டலக் கவுன்சில். சினாட்டில் எல்லாத் திருமண்டலங்களின் பேராயர்களும், ஆயர் பிரதிநிதிகளும், சபையார் பிரதிநிதிகளும் ஒரே அரங்கில் உட்காருகிறார்கள். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களோடு இலங்கையின் யாழ்ப்பாணமும் இதில் அடக்கம்.

இது ஏன் முதல் படி? ஊரில் உங்களிடம் வந்து சேரும் மனுக்களில் பாதிக்கு மேல் சினாட்டுக்கு உரியவையே அல்ல. ஆயர் இடமாற்றம், பள்ளித் தாளாளர் நியமனம், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் ஆகியவை திருமண்டலத்தில் தீர வேண்டியவை. அவற்றைச் சினாட்டு மைக்கில் எழுப்பினால் தலைவர் அந்த நிமிடமே நிறுத்திவிடுவார். கேட்டவருக்கும் பயனில்லை, உங்கள் நேரமும் போய்விடும்.

பேராயர் தேர்வு பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. ஒரு திருமண்டலத்தின் பேராயரைச் சினாட்டுப் பிரதிநிதிகள் எல்லோரும் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. திருமண்டலக் கவுன்சில் வாக்களித்துப் பெயர்ப் பட்டியல் ஒன்றை அனுப்புகிறது. அதிலிருந்து ஒருவரைத் தேர்வது சினாட்டு அளவில் அமைக்கப்படும் தேர்வுக் குழு. சினாட்டு அரங்கில் நீங்கள் வாக்களிப்பது பிரதமப் பேராயர் (மாடரேட்டர்), துணைப் பிரதமப் பேராயர், பொதுச்செயலாளர், பொருளாளர் போன்ற பொறுப்புகளுக்கு. முதல் இரண்டுக்கும் பேராயர்களே நிற்க முடியும்.

இரண்டு கூட்டங்களுக்கு இடையே வேலையை நடத்துவது செயற்குழு. ஆகவே பல விஷயங்கள் ஏற்கெனவே முடிவாகி, ஒப்புதலுக்காக மட்டும் அரங்குக்கு வரும். எது ஒப்புதலுக்கு வருகிறது, எது புதிய முடிவுக்கு வருகிறது என்று நிகழ்ச்சி நிரலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

2. புறப்படுமுன் கையில் இருக்க வேண்டியவை

அழைப்புக் கடிதம், திருமண்டல அலுவலகம் தரும் பிரதிநிதிச் சான்று, அரசு அடையாள அட்டை, திருச்சபையின் அமைப்புச் சட்டத்தின் ஒரு பிரதி, முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. இந்த ஐந்தில் கடைசி இரண்டையும் யாரும் தாமாகக் கொடுக்கமாட்டார்கள். அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். முன்பு பிரதிநிதியாகப் போய்வந்த ஒருவரிடம் கேட்பது இன்னும் விரைவான வழி.

சான்றில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் அரசுப் பதிவில் வேறொன்றுமாக நம்மில் பலருக்கு இருக்கிறது. பதிவு மேசையில் வரிசை நீளும்போது அதை விளக்கிக்கொண்டு நிற்கக் கூடாது.

பயணச் சீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கூட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே ஊரில் நடப்பதில்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்தான் திறக்கிறது. திறக்கும் நாளைக் கணக்கிட்டு அன்றே எடுத்துவிடுங்கள். சென்னையில் கூட்டம் என்றால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் இறங்கலாம். ஆனால் கூட்டம் தொடங்கும் நாளின் காலையில் இறங்கும்படி திட்டமிடாதீர்கள். முந்தைய நாளே போய்ச் சேருங்கள். கமுதி, கம்பம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மதுரை வந்து ரயில் பிடிக்கும் பஸ் நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

3. அறிக்கைப் புத்தகத்தை எந்த வரிசையில் படிப்பது

கூட்டத்துக்கு முன் உங்களுக்கு அனுப்பப்படும் தாள்களின் தொகுப்புதான் அறிக்கைப் புத்தகம். எல்லாவற்றிலும் நீளமான படி இதுதான். இதற்கு நல்ல பென்சில் ஒன்றும், நாளுக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்குங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தால் வாழ்த்துச் செய்திகளிலும் புகைப்படங்களிலும் களைத்து, கணக்குக்கு வரும்போது தூக்கம் வந்துவிடும். கீழ்க்கண்டபடி படியுங்கள்.

முதலில் நிகழ்ச்சி நிரல். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ‘தகவல்’, ‘ஒப்புதல்’, ‘வாக்கு’ என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ‘வாக்கு’ என்று எழுதியவற்றுக்கே உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போக வேண்டும்.

இரண்டாவது, முந்தைய கூட்டத்தின் தீர்மானங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புதிய அறிக்கையில் அதைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று தேடிப் பக்க எண்ணைக் குறியுங்கள். பக்க எண் கிடைக்காத தீர்மானம்தான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. இதைச் செய்யும் பிரதிநிதிகள் மிகக் குறைவு. ஆனால் அரங்கில் மதிக்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன.

மூன்றாவது, தணிக்கையாளர் அறிக்கையும் கணக்கும். ‘நமக்குக் கணக்குத் தெரியாது’ என்று இந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுகிறவர்கள் ஏராளம். சேகரத்தில் அறுப்பின் பண்டிகை வரவு செலவை வாசித்துக் கேட்டுக் கேள்வி கேட்கத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். அளவுதான் பெரிது.

தணிக்கையாளர் கடிதத்தில் ‘இதற்கு உட்பட்டு’, ‘இது நீங்கலாக’ என்ற பொருள்படும் வரிகளைத் தேடிக் கோடிடுங்கள். கணக்கில் அவர் முழு நிறைவு அடையாத இடம் அதுதான். அடுத்து, சினாடு அண்மைக் காலத்தில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடுவதால், ஒன்றுக்கு மேற்பட்ட நிதியாண்டுகளின் கணக்கு வரும். ஒரு ஆண்டின் மார்ச் 31 இறுதி இருப்பும் அடுத்த ஆண்டின் ஏப்ரல் 1 தொடக்க இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு பக்கங்களையும் விரலால் பிடித்துக்கொண்டு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அதற்கு விளக்கக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு அறக்கட்டளை நிதிகள். கல்வி உதவிக்கென்று வைப்பில் உள்ள தொகைக்கு வந்த வட்டி எவ்வளவு, அந்த ஆண்டு மாணவர்களுக்குக் கொடுத்தது எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சஸ்பென்ஸ் கணக்கு (எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று முடிவாகாத தொகைகளை நிறுத்தி வைக்கும் கணக்கு) என்று ஒரு வரி இருந்தால், அது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் கேள்வி கேட்கலாம்.

வெளிநாட்டு நன்கொடை தனிக் கணக்காக வரும். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்தின்படி அந்தப் பணம் முதலில் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர முடியும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ‘அந்த நிதியிலிருந்து எங்கள் ஊர் விடுதிக்கு அனுப்புங்கள்’ என்று கேட்குமுன் இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். பல நல்ல கோரிக்கைகள் இந்தச் சட்டம் தெரியாமல் எழுப்பப்பட்டு வீணாகின்றன.

சொத்துகள் பற்றிய பக்கங்களில் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற பெயரைப் பார்ப்பீர்கள். 1947இல் பதிவு செய்யப்பட்ட இந்த அமைப்பின் பெயரில்தான் சபையின் நிலங்களும் கட்டடங்களும் பெரும்பாலும் இருக்கின்றன. சினாட்டின் கணக்கும் அசோசியேஷனின் கணக்கும் வேறு வேறு. நிலம் பற்றிய கேள்வியைச் சினாட்டுப் பொருளாளர் அறிக்கையின்போது கேட்டால் சரியான பதில் கிடைக்காது. அசோசியேஷன் அறிக்கை வரும்வரை காத்திருங்கள்.

நான்காவது, அமைப்புச் சட்டத் திருத்தங்கள். ஒரு வெள்ளைத் தாளை நடுவே மடியுங்கள். இடப்பக்கம் இப்போதுள்ள விதியையும் வலப்பக்கம் முன்மொழியப்பட்ட விதியையும் கையால் எழுதுங்கள். பிறகு மூன்று கேள்விகள்: முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடமிருந்து யாருக்கு நகர்கிறது? வயதோ பதவிக்காலமோ மாறுகிறதா? எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது? மூன்றாவது கேள்வியை விடவே விடாதீர்கள். இப்போது பொறுப்பில் இருப்பவர்களுக்கும் பொருந்துமா, அடுத்து வருகிறவர்களுக்குத்தானா என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

பெண்கள் ஐக்கியம், இளைஞர், தலித் மற்றும் ஆதிவாசிகள், சுற்றுச்சூழல் ஆகிய துறைகளின் அறிக்கைகளைக் கடைசியில் படியுங்கள். முக்கியமற்றவை என்பதால் இப்படிச் சொல்லவில்லை. பணமும் விதியும் தெரிந்த பிறகு படித்தால்தான், சொன்ன திட்டத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பொருத்திப் பார்க்க முடியும்.

4. சேகரங்களைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்

நீங்கள் உங்கள் சேகரத்துக்கு மட்டும் பிரதிநிதி அல்ல. நரிமேடு கதீட்ரலில் ஆராதிக்கிறவரின் கவலையும், வத்தலக்குண்டு பக்கத்தில் ஓட்டுக்கூரைக் கோயிலில் ஆராதிக்கிறவரின் கவலையும் ஒன்றல்ல. நகரத்துக்கு வெளியே குறைந்தது இரண்டு சேகரங்களுக்காவது போய் உட்காருங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் போனால் ஆயர் ஐயாவும் பெண்கள் ஐக்கியத்தாரும் ஒன்றாகக் கிடைப்பார்கள்.

‘சினாட்டில் என்ன பேச வேண்டும்?’ என்று பொதுவாகக் கேட்டால் மனுக்கள்தான் வரும். ‘இந்த விதியை இப்படி மாற்றப்போகிறார்கள், உங்கள் சபைக்கு இதனால் என்ன ஆகும்?’ என்று ஒரு பொருளை வைத்துக் கேளுங்கள். பதில் கூர்மையாக வரும்.

வாக்கை முன்கூட்டியே யாருக்கும் வாக்குறுதியாகக் கொடுத்துவிடாதீர்கள். அரங்கில் நடக்கும் விவாதத்தைக் கேட்டு மனம் மாறுவதற்கு இடம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் கூட்டம் கூட்டவே தேவையில்லை, வாக்குச்சீட்டைத் தபாலில் அனுப்பிவிடலாம்.

5. மொழிக்குத் தயாராகுங்கள்

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசுகிறவர்கள் ஒன்றாக உட்காரும் கூட்டம். அலுவல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். இதனாலேயே வாயைத் திறக்காமல் திரும்பி வரும் நல்ல பிரதிநிதிகளைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். கேட்க நினைக்கும் ஒவ்வொரு கேள்வியையும் ஊரிலேயே தமிழில் நான்கு வரிக்குள் எழுதுங்கள். ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரைக் கொண்டு அதை மொழிபெயர்த்து, கீழேயே எழுதி வையுங்கள். அரங்கில் ஆங்கிலப் பிரதியை மேடைக்குக் கொடுத்துவிட்டுத் தமிழில் பேசுவதற்குத் தலைவரிடம் அனுமதி கேளுங்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இப்படித்தான் செய்தார். அவர் தமிழில் கேட்டார், பக்கத்தில் நின்ற இளம் ஆயர் ஒருவர் அதே தாளை ஆங்கிலத்தில் வாசித்தார். கேள்வியில் பக்க எண்ணும் தொகையும் இருந்ததால் பொருளாளர் நேராகப் பதில் சொன்னார். சுற்றி வளைத்து ஆங்கிலத்தில் பேசிய பலருக்கு அப்படிப் பதில் கிடைக்கவில்லை.

விவாதம் புரியாமல் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்பதில் தவறில்லை. எதற்கு வாக்களிக்கிறோம் என்று தெரியாமல் கை தூக்குவதுதான் தவறு. வாக்கெடுப்புக்கு முன் தீர்மானத்தை மறுபடியும் வாசிக்கும்படி கேட்கலாம்.

6. முதல் நாள்

பதிவு மேசைக்கு முன்னதாகவே போங்கள். அட்டை, இருக்கை, புதிதாகச் சேர்க்கப்பட்ட தாள்கள் ஆகியவற்றை வாங்கிச் சரிபாருங்கள். கடைசி நேரத்தில் வரும் துணைத் தாள்களை அன்று இரவே படித்துவிட வேண்டும். தொடக்க ஆராதனை, திருவிருந்து எதையும் தவறவிடாதீர்கள். மறுநாள் உங்களோடு வாதாடப்போகிறவரோடு சேர்ந்து முழங்காலிடுவது விவாதத்தின் தொனியை மாற்றும்.

7. தீர்மானம், திருத்தம், ஒழுங்குப் பிரச்சினை

புதியவர்கள் அதிகமாகக் குழம்பும் இடம். ஒரு கற்பனைத் தீர்மானத்தை வைத்துப் பார்ப்போம்: ‘கிராமச் சேகரங்களின் தொடக்கப் பள்ளிக் கட்டடங்களைப் பழுதுபார்க்க ஒரு நிதி ஏற்படுத்தப்பட வேண்டும்.’

ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிந்த பிறகே அது விவாதத்துக்கு வரும். வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் அங்கேயே விழுந்துவிடும். ஆகவே தீர்மானம் கொண்டுவர நினைப்பவர் வழிமொழிபவரை முந்தைய நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வேறு திருமண்டலத்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

விவாதத்தின் நடுவே ஒருவர், ‘மழைக்கு ஒழுகும் கூரைகளுக்கு முதலிடம் தந்து’ என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும் என்கிறார். இது திருத்தம். முதலில் திருத்தத்துக்கு வாக்கு. அது நிறைவேறினால், திருத்தப்பட்ட தீர்மானம் முழுவதற்கும் மறுபடியும் வாக்கு. திருத்தத்துக்கு வாக்களித்துவிட்டு வேலை முடிந்தது என்று தேநீருக்கு எழுந்து போகிறவர்கள், உண்மையான வாக்கெடுப்பில் இல்லாமல் போகிறார்கள்.

‘நிதி வேண்டாம்’ என்று தீர்மானத்தையே தலைகீழாக்குவது திருத்தம் ஆகாது. எதிர்ப்பவர் எதிர்த்து வாக்களிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒழுங்குப் பிரச்சினை என்பது விதி மீறப்பட்டால் மட்டும் எழுப்ப வேண்டியது. எதிர்க் கருத்தைச் சொல்ல இதைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்தினால் தலைவர் இரண்டாவது முறை உங்களுக்கு வாய்ப்புத் தரமாட்டார். எழுப்பும்போது எந்த விதி, எந்தப் பிரிவு என்று எண்ணைச் சொல்லுங்கள்.

முந்தைய கூட்டக் குறிப்பை உறுதிசெய்யும்போது, எழுதப்பட்டது நடந்ததோடு ஒத்துப்போகிறதா என்பதை மட்டுமே பேசலாம். அந்த முடிவு சரியா தவறா என்ற விவாதம், குறிப்பிலிருந்து எழும் பொருள்கள் என்ற பகுதியில் வரும். இரண்டையும் கலந்து, கூட்டம் தொடங்கி அரை மணிக்குள் கைதட்டி உட்கார வைக்கப்பட்ட புதியவர்கள் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே தயங்குகிறார்கள்.

வாக்களிக்காமல் இருப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். ‘வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு’ என்று விதி சொன்னால், வாக்களிக்காதவர் கணக்கிலேயே வருவதில்லை. எதிர்ப்பைக் காட்டுவதாக நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டிருந்தால், தீர்மானம் நிறைவேறுவதற்கு வேண்டிய எண்ணிக்கை குறையும். நீங்கள் விரும்பாதது இன்னும் எளிதாக நிறைவேறும்.

8. மைக்கின் முன்

பெயர், திருமண்டலம், பக்க எண், கேள்வி. இந்த வரிசையில் பேசினால் ஒரு நிமிடம் போதும். மேடையில் உள்ள ஒவ்வொருவரையும் விளித்துத் தோத்திரம் சொல்லத் தொடங்கினால் மணி அடித்துவிடும். ஏற்கெனவே ஒருவர் கேட்டதை மறுபடியும் கேட்காதீர்கள். உங்கள் தாளில் அதை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஆளைப் பற்றிப் பேசாமல் பொருளைப் பற்றிப் பேசுங்கள். பதில் நிறைவு தரவில்லை என்றால், ‘எழுத்துமூலம் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்று சொல்லி அது குறிப்பில் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

9. தேர்தல்

தேர்தல் நெருங்கும்போது அறிமுகமில்லாதவர்களும் தோளில் கை போடுவார்கள். வேட்பாளர் சார்பில் தரப்படும் அறை, விருந்து, பயணச் செலவு, பரிசு எதையும் ஏற்காதீர்கள். திருமண்டலம் கொடுக்கும் ஏற்பாட்டோடு நில்லுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. சபையின் காணிக்கைப் பணத்தில் பயணம் செய்துவிட்டு இன்னொருவரின் கடனாளியாகத் திரும்பக் கூடாது.

யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்க, அவர்கள் இதுவரை வகித்த பொறுப்புகளின் அறிக்கைகளைப் பாருங்கள். கணக்கு நேரத்துக்கு வந்ததா, முந்தைய தீர்மானங்கள் நிறைவேறினவா? மூன்றாம் படியில் நீங்கள் செய்த பென்சில் குறிப்புகள் இங்கே கைகொடுக்கும்.

வெற்று முன்மொழிவுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாக்குச்சீட்டில் எத்தனை இடங்களுக்குத் தேர்வு என்று முதலில் படியுங்கள். அதைவிட அதிகமாகக் குறியிட்டால் செல்லாது. உங்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதாதீர்கள். கைப்பேசியில் சீட்டைப் படம் எடுக்காதீர்கள். படம் கேட்கிறவர் உங்கள் இரகசிய வாக்கைக் கேட்கிறார்.

முடிவு அறிவிக்கப்படும்வரை அரைகுறைச் செய்திகளை வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்ப வேண்டாம். ஒரு சுற்று எண்ணிக்கையை இறுதி முடிவென்று பரப்பி, திரும்பப் பெற முடியாமல் தவித்த குழுக்கள் உண்டு.

10. திரும்பிய பின்

ரயிலிலேயே ஒரு பக்க அறிக்கையைத் தமிழில் எழுதத் தொடங்குங்கள். என்ன முடிவானது, எவ்வளவு பணம் எதற்கு, திருமண்டலம் இனி என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று பகுதிகள் போதும். யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதையும், மூடிய அமர்வில் பேசப்பட்டதையும் எழுதக் கூடாது. இதைப் பேராயர் அலுவலகத்துக்கும், நீங்கள் போய் உட்கார்ந்து கேட்ட சேகரங்களுக்கும் இரண்டு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். கேட்டுவிட்டு வந்து சொல்லாமல் விட்டால் அடுத்த பிரதிநிதிக்கு அந்த வாசல் திறக்காது.

பயணச் சீட்டுகளையும் ரசீதுகளையும் வைத்துக் கணக்குக் கொடுத்து, மிஞ்சிய முன்பணத்தைத் திருப்பிச் செலுத்துங்கள். பென்சில் குறிப்புகளோடு அறிக்கைப் புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். இடையில் சிறப்புக் கூட்டம் கூட்டப்பட்டால் அதே புத்தகம் மறுபடியும் வேண்டும்.

அமைப்புச் சட்டத் திருத்தம் ஏதாவது நிறைவேறியிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. அது திருமண்டலக் கவுன்சில்களின் ஒப்புதலுக்கு வரும். மூன்றில் இரண்டு பங்குத் திருமண்டலங்கள் ஏற்க வேண்டும். நம் கவுன்சிலில் அது எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டு வையுங்கள். அரங்கில் நடந்த விவாதத்தின் இரு பக்கத்தையும் நேரில் கேட்டவர்கள் நீங்களும் உடன் வந்தவர்களும்தான். இடப்பக்கம் பழைய விதியும் வலப்பக்கம் புதிய விதியும் எழுதிய அந்தத் தாளைப் பிரதி எடுத்து, கவுன்சில் கூடுவதற்கு ஒரு வாரம் முன்பே உறுப்பினர்கள் கையில் கிடைக்கும்படி செய்யுங்கள்.